நாலு மணிக் கரண்டு

எங்கள் லயம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அங்கே கடிகாரம் இருந்தவை இரண்டோ மூன்றோதான். ஆனால் மணி தெரியாதவர் யாருமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டோருக்குப் பின்னால் என்ஜின் கொட்டகையில் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். விட்டத்தில் தொங்கும் பல்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும். ஆறு மணிக்கு அணைந்துவிடும். மறுபடி சாயங்காலம் ஆறரைக்கு வந்தால் ராத்திரி பத்து வரை. "நாலு மணிக் கரண்டு", "ஆறரைக் கரண்டு" என்றுதான் பேச்சு. இடைப்பட்ட நேரத்தில் கரண்டு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பெரிய சாலையில், சிம்பாங் பூலாய் முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள். இன்னொரு பக்கம் வரிசை வரிசையாகக் கித்தா மரம் என்கிற ரப்பர் மரம். மதியம் குவாரியில் வெடி வைத்தால் வீட்டுத் தகரம் அதிரும், மாடு மிரளும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மட்டும் அசையாமல் தூங்கும். பழகிப்போன காது. குன்றை ஒட்டிய மரங்களில் இலை எப்போதும் வெளுத்தே இருக்கும். மழை பெய்தால்தான் அவை பச்சை என்று தெரியும். நான் சொல்வது 1970களின் கடைசியும் 80களின் முதல் பாதியும்.

தோட்டத்தின் கிழக்கு எல்லையில் இரும்புக் கோபுரங்கள் நின்றன. அவற்றின் மேல் மின்கம்பிகள் போயின. பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணையை 1930லேயே கட்டிவிட்டார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அந்த ஆற்று மின்சாரத்தில் ஓடின. ஈயக் கப்பல்கள் இராப்பகலாகச் சேற்றை வாரிக் கொட்டின. ஈயத்துக்குக் கரண்டு உண்டு, பால்மரம் வெட்டுகிறவனுக்குக் கிடையாது. அந்தக் கம்பிக்குக் கீழே மாடு மேய்த்தவர்கள் நாங்கள். மழை நாளில் தலைக்கு மேல் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். பேய் என்று பயமுறுத்துவார்கள். பேய் என்று யாரும் நம்பவில்லை, கரண்டு என்று தெரிந்துதான் இருந்தது.

முதலில் வந்த சாமான் வானொலி. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே தாத்தாவிடம் ஒரு நேஷனல் டிரான்சிஸ்டர் இருந்தது. பழுப்புத் தோல் உறை, ஒலி வர உறையில் பொடிப் பொடியாக ஓட்டைகள், தோளில் மாட்ட ஒரு வார். பாட்டரி தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு அதில் காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கும். நேயர் விருப்பத்தில் ஏதாவது தோட்டத்தின் பெயர் வந்தால் ஒரே கூச்சல். எங்கள் தோட்டத்துப் பெயர் வந்த அன்று தாத்தா டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு லயத்தின் கடைசி வீடு வரை நடந்தார். அதற்குள் பாட்டு முடிந்து செய்தி வந்துவிட்டது.

அந்த டிரான்சிஸ்டரின் தம்பி ஒன்று தமிழ்நாட்டில், முசிறிப் பக்கம் எங்கள் பூர்வீகக் கிராமத்தில் இருந்தது. தாத்தா ஒருமுறை எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஊருக்குப் போனபோது கொண்டுபோனது. அந்தக் கப்பலில் ஊர் போனவர்களின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்: கோடாலித் தைலம், நைலக்ஸ் சேலை, டார்ச் லைட்டு, ஒரு டிரான்சிஸ்டர். கொஞ்சம் வசதி இருந்தால் வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன். ஊர்ச் சொந்தங்கள் எங்களை 'மலாயாக்காரர்கள்' என்றார்கள். அதில் பணக்காரர்கள் என்ற பொருளும் அடக்கம். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் தேதியே தொடங்கிவிட்டது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15. இந்தப் பன்னிரண்டு வருட வித்தியாசத்தில் எங்களைப் பற்றி அவர்கள் கட்டிய கோட்டை பெரியது. "உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு டெலிவிஷனாமே?" என்று மாமா கடிதத்தில் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் வந்தபோது எங்கள் லயத்தில் ஒரு வீட்டில்கூட டிவி இல்லை. தாத்தா மறுப்பு எழுதவில்லை. "ஆமாம், நல்ல வசதி" என்று அக்காவை எழுதச் சொன்னார். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அத்தோடு கப்பல் பயணக் காலமும் முடிந்தது.

டிவி முதலில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டுக்கு வந்தது. கிராணி வீடு மேட்டில். லயத்துப் பிள்ளைகள் ஜன்னல் வரை போகலாம், வாசற்படி ஏறக்கூடாது. உயரமான பையன்கள் பார்த்துச் சொல்ல, குட்டையான நாங்கள் கேட்டுக்கொள்வோம். இப்படியே ஒரு வருடம் நான் டிவியைக் காதால் பார்த்தேன்.

பிறகு குவாரியில் லாரி ஓட்டிய மாமா ஒருவர் வாங்கினார். சொந்த மாமா இல்லை. லயத்தில் எல்லோரும் மாமாதான். கறுப்பு வெள்ளை, நாலு கால் வைத்த மரப்பெட்டி, முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு. அந்தக் கதவுக்கு அவர் பூட்டு வேறு போட்டார். கிளேடாங் மலையில் இருந்த ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து ஏரியலைத் திருப்ப வேண்டும். குறுக்கே சுண்ணாம்புக் குன்று. நீளமான மூங்கிலில் ஏரியலைக் கட்டி ஒருவர் வெளியே நின்று திருப்புவார், உள்ளேயிருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்... அய்யோ போச்சு!" என்று கத்துவார். முகங்கள் இரண்டிரண்டாகத் தெரியும். சில நாள் மூன்று. அதே காலத்தில், 1978 டிசம்பரில், நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. எங்களுக்கு அது சேதி மட்டும்.

மதியத்தில் படம் போட்டால் கரண்டு ஏது? மாமா லாரி பாட்டரியைக் கொண்டு வந்து டிவியில் மாட்டுவார். பாட்டரி இறங்கிவிட்டால் அவர் மகன் அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, முச்சந்திச் சீனர் பட்டறைக்குக் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டு வருவான். பாதையில் பள்ளம் மேடு. பாட்டரித் தண்ணீர் தெறித்து அவன் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்கப் பொத்தல். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் 'பாட்டரி' என்றே பெயர். இப்போது பேரன் எடுத்துவிட்டான், அந்தப் பெயர் போகவில்லை.

அந்தப் பெட்டியில் நான் பார்த்தவற்றில் இன்றைக்கும் கண்ணில் நிற்பது ஒரு பந்து விளையாட்டு. 1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் ஆட்டம், மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் தென் கொரியாவும். கோல் காத்தவர் ஆறுமுகம். நீளமான கைகள், அதனால் 'ஸ்பைடர்மேன்' என்று பேர். தேசிய அணியில் நம்ம ஆள் ஒருவன் கோல் வாசலில் நிற்கிறான் என்பதற்காகவே பந்தாட்டம் என்றால் என்னவென்று தெரியாத பாட்டிகளும் வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பு வெள்ளையில் எந்தச் சட்டை யாருடையது என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை. ஆறுமுகம் பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போது மட்டும் எல்லோரும் சரியான பக்கம் கத்தினோம். 2-1 என்று மலேசியா ஜெயித்தது. ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஜெயித்தும் போகவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தபோது லயத்தில் சொந்த வீட்டுச் சாவுபோல இருந்தது.

அப்போது டிவிக்கு லைசென்ஸ் இருந்தது, வருடத்துக்கு 24 வெள்ளி, அதாவது ரிங்கிட். லைசென்ஸ் பார்க்க ஆள் வருகிறார் என்று முச்சந்தியிலிருந்து யாராவது சைக்கிளில் வந்து சொன்னால், மூங்கிலைச் சாய்த்து, மரப்பெட்டிமேல் போர்வை விரித்து, அதன்மேல் சாமி படத்தை வைத்துவிடுவார்கள். இந்தக் கதையை எந்தத் தோட்டத்து ஆளிடம் கேட்டாலும் சொல்வார். தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளில் டிவி வராத கட்டுரை குறைவு. ஜன்னலில் எட்டிப் பார்த்தது, பாட்டரி தூக்கியது, ஏரியல் திருப்பியது எல்லாம் எழுதியாகிவிட்டது. நானும் இப்போது எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் லயத்தை மாற்றியது டிவி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாற்றியது வேறொன்று. அது அடுப்படியில் இருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்கு முன் அம்மாவின் விடியற்காலையைச் சொல்லிவிடுகிறேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எடுத்து வேலை பிரிப்பதற்கு, ஐந்தரைக்குப் போய் நிற்க வேண்டும். ஐந்தரைக்கு நிற்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்குக் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். அதற்கு முன் வீட்டில் எல்லோருக்கும் பசியாற ஏதாவது, மதியத்துக்குச் சோறு, ஒரு குழம்பு. அம்மா மூன்று மணிக்கு எழுவாள். கரண்டு வராத மூன்று மணி. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, பால்மர விறகை அடுக்கி, ஊதாங்குழலால் ஊதுவாள். மழைக்காலத்தில் விறகு ஈரம், புகை மட்டும்தான் வரும். தீ பிடித்து, உலை கொதித்து, அரிசி போட்டு, பதம் பார்த்து, கஞ்சி வடித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுப்பை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் பொங்கி வழிந்து தீ அணைந்துவிடும். அக்கா பெரியவளானதும் விறகு தள்ளும் வேலை அவளுக்கு. அவள் வேலைக்குப் போனதும் அது எனக்கு வரவேண்டியது. அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். அது புகையா, தூக்கமின்மையா என்று நான் கேட்டதில்லை. அப்போது அதுதான் அம்மாவின் கண் நிறம்.

அக்கா மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஈப்போவில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போனாள். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெண்களுக்குப் பால்மரக் காட்டைத் தவிர வேறு வழி என்று திறந்தது அதுதான். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார்கள். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அதே வருடம் அங்கே வைத்தது. ஈப்போவிலும் சிறிய அளவில் அந்த வேலைகள் வந்தன. பேக்டரி பஸ் சிம்பாங் பூலாய் முச்சந்தியில் நிற்கும். மூன்று ஷிப்டு. அக்கா நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் மேல் ஒட்டுவாள். "தங்கம்" என்றதும் பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. "தங்கத்தை எதுக்கடி ரேடியோ பெட்டிக்குள்ள வைக்கிறாங்க? வெளிய தெரியவா போகுது?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

வீட்டுச் சாமான்களுக்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு உண்டு. ஜப்பானில் 1950களின் கடைசியில் ஒரு வீட்டுக்கு 'மூன்று பொக்கிஷங்கள்' வேண்டும் என்றார்கள்: கறுப்பு வெள்ளை டிவி, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி. பத்து வருடத்தில் அது வண்ண டிவி, ஏர்கண்டிஷன், கார் என்று மாறிவிட்டது. சீனாவில் அதே பாணியில் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் இருக்கவேண்டியவை சைக்கிள், தையல் மெஷின், கைக்கடிகாரம், வானொலி. எங்கள் லயத்துக் கணக்கு சீனாவை ஒட்டியது. சிங்கர் மெஷின்காரர் மாதாமாதம் சம்பள நாளில் சரியாக வந்து தவணை வாங்கிக்கொண்டு போவார். அதைத் தாண்டி ஜப்பான் கணக்குக்கு எங்களை முதலில் இழுத்தது அக்காவின் போனஸ். 1982இல் பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்குவோம்' என்று அறிவித்தார். எங்கள் அடுப்படியும் ஏறக்குறைய அப்போதுதான் கிழக்கை நோக்கியது.

அக்கா வாங்கி வந்தது நேஷனல் ரைஸ் குக்கர். வெள்ளை உடம்பு, பக்கத்தில் இரண்டு கறுப்புக் கைப்பிடி, மேலே கண்ணாடிக் குமிழ் வைத்த மூடி, முன்னால் கீழே தட்டும் ஒரு விசை. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாளாம். லயமே திரண்டு வந்து பார்த்தது. "தண்ணி ஊத்தி, அரிசி போட்டு, இதைத் தட்டிட்டா போதும்" என்றாள். "அப்புறம்?" என்றது லயம். "அப்புறம் ஒண்ணுமில்ல." இந்த 'ஒண்ணுமில்ல' பெண்களுக்குப் புரியவே இல்லை. அடுப்படியில் 'அப்புறம்' இல்லாத வேலை எது?

எப்படி அது தானாக நிற்கிறது என்று அப்பாவுக்குத் தீராத சந்தேகம். கழற்றிப் பார்த்தே விட்டார். உள்ளே நடுவில் ஸ்பிரிங் மேல் ஒரு காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரிக்கு மேல் ஏறாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் அடிப்பாகம் சட்டென்று சூடேறும். ஒரு அளவுக்கு மேல் போனதும் காந்தம் பிடி விட்டுவிடும். ஸ்பிரிங் விசையைத் தள்ளிவிடும். டக்.

இப்படித் தானாக நிற்கும் பெட்டியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது தோஷிபா, 1955 டிசம்பரில். அதை வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி என்ற சின்னத் தொழிற்சாலைக்காரர். ஆனால் வருடக்கணக்கில் நாள் தவறாமல் சோறு பொங்கி, எந்த அளவு தண்ணீருக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு சூடு என்று சோதித்துக் குறித்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. ஜப்பான் வீட்டிலும் விடியுமுன் எழுந்து விறகடுப்பில் சோறு பொங்கியது பெண்கள்தான். இதைப் பெரியவளான பிறகு எங்கோ படித்தபோது எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. எங்கள் அம்மாவுக்கும் அவருக்கும் பேச மொழி இருந்திருக்காது, விஷயம் இருந்திருக்கும்.

பாட்டிதான் எதிர்க்கட்சி. வடிக்காத சோறு சாப்பிட்டால் இனிப்பு நீர் வரும் என்றாள். கஞ்சி இல்லாமல் கன்றுக்குட்டிக்கு என்ன ஊற்றுவது, பள்ளிக்கூடச் சட்டைக்கு என்ன போட்டு மொடமொடப்பாக்குவது, காய்ச்சல்காரனுக்கு என்ன கொடுப்பது என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாமே நியாயமான கேள்விகள். ஒரு பானைச் சோற்றில் வந்துகொண்டிருந்த அந்த உபரி, குக்கரில் கிடையாது. பழைய சோறும் குக்கர்ச் சோற்றில் சரிவராது, மறுநாள் கூழாகிவிடும். அப்பா தன் பங்குக்கு, "கரண்டுச் சோத்துல வாசனையே இல்ல" என்றார். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. பாட்டி அதைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து வைத்த நாளில் மட்டும் வாயைத் திறந்தாள்: "இனிமே இதை நான்தான் கழுவுவேன்." எங்கள் வீட்டில் அம்மா தனக்கென்று உரிமை கொண்டாடிய முதல் பொருள் அது.

ஒரு வீட்டோடு நின்றிருந்தால் வம்பில்லை. அக்காவோடு வேலை செய்த மற்றப் பெண்களும் வாங்கினார்கள். சம்பள முன்பணத்தில் சிலர், சீட்டுப் பணத்தில் சிலர். சில மாதத்தில் பல வீட்டில் குக்கர். நாலு மணிக் கரண்டு வந்த கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் விசையைத் தட்டினார்கள். பல்புகள் மறுபடி சிவந்தன. ஜெனரேட்டர் முனகியது. ஒருநாள் நின்றே போனது. கணக்கு எளிது: 40 வாட் பல்பு பதினைந்து எரிய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் ஒரு குக்கர் இழுக்கும். லயத்துக்கு வீட்டுக்கு இரண்டு பல்பு என்று கணக்குப் போட்டு வைத்த என்ஜின் அது.

நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது. இஸ்திரிப் பெட்டி, மின்சார அடுப்பு, சோறு பொங்கும் இயந்திரம் எதுவும் லயத்தில் கூடாது, மீறினால் கரண்டு நிறுத்தப்படும். மறுநாள் பெரட்டில் ஆண்கள் வழக்கம்போல் தலையைக் குனிந்து நின்றார்கள். பேசியது ஓர் அத்தை. வெட்டில் கெட்டிக்காரி, ஒரு மரம்கூடக் காயப்படாமல் வெட்டுவாள், அதனால் அவளிடம் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கே ஒரு மரியாதை. "சரிங்க, அடுப்புல பொங்குறோம். அப்போ பெரட்டை ஆறரைக்கு வைங்க" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் வாளியைக் கீழே வைத்தார்கள். அது வேலை நிறுத்தம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. கை வலித்தது, வைத்தார்கள். கிராணி நிர்வாகி வீட்டுப் பக்கம் பார்த்தார், மண்டோர் கிராணியைப் பார்த்தார். அறிவிப்பு அதே இடத்தில் மழையில் நனைந்து கிழியும்வரை இருந்தது. யாரும் எதையும் நிறுத்தவில்லை.

வழியையும் பெண்களே கண்டுபிடித்தார்கள். பொதுக் குழாயடிச் சுவரில் அந்த அத்தை சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். ஒற்றைப்படை வீடுகள் நாலு மணிக்கு, இரட்டைப்படை வீடுகள் நாலரைக்கு. ஆனால் யாருக்குச் சோறு எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும்? அரிசி அளவு வீட்டுக்கு வீடு வேறு. அதற்குத்தான் நாங்கள், பிள்ளைகள். குக்கருக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். டக் என்று கேட்டதும் எழுந்து, இருட்டில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அத்தை, எங்களுது அடிச்சிருச்சு!" என்று சொல்லிவிட்டு ஓடிவந்து மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும். அத்தை தன் குக்கரைத் தட்டுவாள். விடியுமுன் லயத்தில் அங்கங்கே கதவு தட்டும் சத்தமும், "அடிச்சிருச்சு, அடிச்சிருச்சு" என்று சின்னக் குரல்களும் கேட்கும். என்ஜின்காரர் கொட்டகையில் பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சிவந்தால் யாரோ முறை தவறிவிட்டார்கள் என்று அர்த்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு லயத்து வாசல் வழியாக நடந்து வந்து, "எந்த வீடு?" என்பார். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

அம்மா நாலு மணிக்கு எழ ஆரம்பித்தாள். குழம்பை முதல்நாள் ராத்திரியே வைத்துவிடுவாள். மூன்று மணிக்கு எழுந்தவள் நாலு மணிக்கு எழுகிறாள் என்றால் ஒரு மணி நேரத் தூக்கம். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 365 மணி நேரம், பதினைந்து முழு நாட்கள். அப்படிக் கணக்குப் போட்டுச் சொன்னவள் அக்கா. தொழிற்சாலையில் கணக்குப் பார்த்துப் பழகியவள். அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "பதினஞ்சு நாளு லீவு குடுத்திருக்கியாடி?" என்றாள். அடுத்த சில மாதங்களில் அவள் கண்களின் சிவப்பு குறைந்ததை நானே பார்த்தேன். முகத்தில் எப்போதும் இருக்கும் விறகுப் புகை வாடை போய், முதன்முறையாக அவளிடம் குட்டிகூரா பவுடர் வாசனை வந்தது. விறகுக்குக் காட்டில் அலையும் ஞாயிற்றுக்கிழமை மிச்சமானது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அம்மா லாரி மாமா வீட்டுக்கு வந்து படம் பார்த்தாள். அதுவரை டிவி பார்த்தவர்கள் ஆண்களும் பிள்ளைகளும் கிழவிகளும்தான். அதைப் பார்க்க நேரம் கிடைத்த தாய்மார் யாருமில்லை. இதை நான் அப்போதே கவனித்தேன் என்று சொன்னால் பொய்.

அதன்பிறகு வந்தவை வேகமாக வந்தன. 1984 ஜூனில் டிவி3 தொடங்கியது. வீடியோ டெக் வாடகைக்குக் கிடைத்தது. கல்யாண வீட்டில் விடிய விடிய மூன்று படம். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை விழுந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. முச்சந்திச் சீனர் பட்டறையில் பாட்டரி ஏற்ற வருகிறவர் குறைந்து, தவணை கட்ட முடியாத டிவிகள் விற்பனைக்கு வந்தன. நாங்கள் வண்ண டிவி வாங்கியது அப்படித்தான், யாரோ ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டிலிருந்து. வாங்கிய சந்தோஷம் வீட்டில் ஒருவருக்கும் முழுசாக வரவில்லை. தோட்டங்களில் குடிநீரும் மின்சாரமும் தரவேண்டும் என்று தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் 1990இல் வந்தது. எங்கள் லயத்துக்கு நாள் முழுக்கக் கரண்டு வந்தபோது நான் பள்ளியை முடித்து ஈப்போவில் வேலைக்குப் போயிருந்தேன். 1996இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்தது, லயத்துக் கூரையெல்லாம் வட்டத் தட்டு. அதற்குள் பாதி வீடு காலி. இன்று அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம். குவாரி இன்னும் இருக்கிறது.

இப்போது என் வீட்டு அடுப்படியில் இரண்டு கைபேசிக்கு ஒரு சார்ஜர், எண்ணெயில்லாமல் பொரிக்கும் ஒரு பெட்டி, பேசினால் பதில் சொல்லும் ஒரு உருண்டை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மிச்சமான நேரம் எங்கே என்று கேட்டால் கைபேசியைத்தான் காட்டவேண்டும். அம்மாவுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்போல் தெளிவாக, கையில் எடுத்துக் காட்டும்படி எந்தச் சாமானும் எனக்கு நேரம் தரவில்லை.

தோட்டத்து நினைவுகளைச் சேகரிக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். ஒலிப்பதிவு செய்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், நல்ல வேலை. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். "உங்க தோட்டத்துக்கு டிவி எப்போ வந்தது?" என்று தாத்தாக்களைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுப்படிக்குப் போய்ப் பாட்டிகளிடம், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த வருடத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி எழுந்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பெண்களுக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயதாகிறது. சீக்கிரம் போங்கள்.